ஜீவராஜின் செங்கல்

எங்கள் ஜிந்துப்பிட்டி ஒழுங்கை முனையில் ஓட்டோ தரிப்பிடம் இருக்கிறது. மேல்மாடியில் குடியிருக்கும் எனக்கு அங்கே நடப்பதெல்லாம் தெரியும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. ஏழு ஓட்டோ, ஏழு இடம். வண்டி வெளியே போனால் அந்த இடத்தில் ஒரு செங்கல் இருக்கும். அதை எவரும் தொடமாட்டார்கள்.

ஜீவராஜ் செங்கல்லை வைத்துவிட்டு வாடகைச் சவாரிக்குப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தான். அவன் செங்கல்லை அப்புறப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டிய அவன் மனைவி சுபாஷினி, லைசென்ஸ் எடுத்து அதே ஓட்டோவோடு வந்து நின்றாள். தரிப்பிடத்து ஓட்டோக்காரர்களில் மூத்தவரான காளியப்பன், இடம் ஆளோடு போய்விட்டது, பெண்டாட்டிக்கு வராது என்றார். ஜீவராஜின் பாடையைச் சுமந்தவரும் அவர்தான். செத்தவனின் கல்லுக்கு இடம் உண்டு, அவன் மனைவிக்கு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வாதாடவில்லை. தரிப்பிடத்தை ஒட்டி ஓடும் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினாள். தரிப்பிடத்துக்கு வரும் ஆட்கள் தன்னிடம் ஏற வந்தால், அங்கே நிற்கும் வண்டிகளைக் கைகாட்டிவிடுவாள்.

அதே நாட்களில் முகத்துவாரப் பக்கத்திலிருந்து ஒரு செவலை நாய் வந்தது. தரிப்பிடத்து நாய்கள் மூன்றும் பல்லைக் காட்டின. அதுவும் கானைத் தாண்டாமல் படுத்துக்கொண்டது. ஒருநாள் வேற்று நாய்கள் கூட்டமாக நுழைந்தபோது முதலில் எழுந்து விரட்டியது அதுதான். அன்று பின்னேரமே நான்கும் ஒரே நிழலில் கிடந்தன. மனிதர்களுக்கு அந்தப் புத்தி வர இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

காளியப்பனின் மனைவி படியில் வழுக்கி விழுந்த அன்று, அவர் செங்கல் வைக்கவும் மறந்து பொரளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மற்றவர்களும் வாடகைக்கு வெளியே போயிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த ஓட்டோ ஒன்று அவர் இடத்தில் ஏறப் பார்த்தது. சுபாஷினி தன் வண்டியைக் குறுக்கே விட்டாள். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று சிங்களத்தில் சொல்லி அதைத் திருப்பி அனுப்பினாள். நான்கு மணித்தியாலம் அங்கேயே நின்றாள். ஒரு வாடகைக்கும் போகவில்லை.

காளியப்பன் திரும்பியதும் வண்டியைப் பின்னால் எடுத்தாள். "ஒங்க எடத்துல வேற ஆளு ஏறப் பாத்துச்சி, அதான் நின்னேன் அண்ணே. அக்காவுக்கு எப்படி இருக்கு?"

அவர் நேரே போய் ஜீவராஜின் செங்கல்லை எடுத்து, தூசி தட்டி, அவள் கையில் கொடுத்தார்.

"இது ஒன்னோடது. வண்டிய கொண்டாந்து போடு."

சுபாஷினி அழுதாள். நானும்தான். சற்று நேரத்தில் ஒரு கிழவர் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும் என்று வந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்து, இறங்கி வந்து செங்கல்லை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.