மூடிய கண்ணால் கண்ட மாதா

நேற்று ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில், இரத்தம் எடுக்கும் பிள்ளையின் மேசையில் சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு முகம் சுட்டது.

எனக்குப் பத்து வயதில், எங்கள் மாதா கோயில் பாதிரியாரான சுவாமியின் அறையிலும் அப்படி ஒன்று இருந்தது. சுருட்டு மணக்கும் அறை. ஊரில் வயிற்றோட்டம் பரவிய மாதம் அது. கோயில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளியை அதில் வைத்து, சுவாமி பிள்ளைகள் எங்களைக் கூப்பிட்டார்.

"வந்து பார் பிள்ளை. இதுக்குள்ளை ஓடுற பூச்சியும் ஆண்டவர் படைச்சதுதான். கண்டதைக் கண்டபடி சொன்னால் அவருக்குச் சந்தோசம்."

பயத்தில் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் தோற்க மனமில்லாமல், "மாதாவைக் கண்டனான் சுவாமி," என்றேன்.

கதை ஊரெல்லாம் பரவி, பின்னேரமே பெண்கள் மெழுகுதிரியும் போத்தலுமாகக் கிணற்றைச் சூழ்ந்துவிட்டார்கள். "காய்ச்சிக் குடியுங்கோ," என்று சுவாமி மன்றாடினார். "மாதா நிண்ட தண்ணியைக் காய்ச்சச் சொல்லுறார். இவரும் ஒரு சுவாமியோ?" என்று கத்தியவர் என் பெரியம்மா. அதைப் பச்சையாகக் குடித்து, மூன்று கிழமை பாயில் கிடந்தவரும் அவர்தான்.

சனிக்கிழமை, செய்த பாவங்களைச் சுவாமியிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், மாங்காய் களவெடுத்ததைச் சொன்னேன். மரக் கிராதிக்கு அப்பாலிருந்து சுவாமி கேட்டார்.

"வேறை ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"இல்லை சுவாமி."

அவர் எனக்குப் பாவமன்னிப்புத் தந்தார். அதற்குப் பிறகு அந்த நுணுக்குக்காட்டியை நாங்கள் காணவில்லை.

ஒருவருக்கும் தலை குனியாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். நேற்று அந்தப் பிள்ளை, "ஏன் அம்மா கண் கலங்குது, ஊசி நோகுதோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, நோகுது," என்றேன்.