டிரில் வாங்கப் போன என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் மைன்ஸில் ராட்சத மண்வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். குவார்ட்டர்ஸ் ஜன்னலில் திரைக்கம்பி மாட்டுவதற்காக, இன்று அவரையும் அழைத்துக்கொண்டு பஜாரில் ஒரு டிரில் வாங்கப் போனேன்.

கடைக்காரர் ஒயர் வைத்தது ஒன்று, பேட்டரியில் ஓடுவது ஒன்று என இரண்டை எடுத்து வைத்தார்.

"எப்பவாச்சும் ஓட்டை போடத்தானங்க? ஒயர் வச்சதே போதும், வெலையும் கம்மி. பேட்டரி மெஷின சும்மா போட்டு வச்சா பேட்டரி செத்துப்பூடும்."

ஒயர் வைத்ததை இவர் கையில் கொடுத்து, செங்கல்லில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அது 'டர்ர்' என்றதும் இவர் அதை அப்படியே போட்டுவிட்டு, துள்ளி என் பின்னால் வந்து நின்றார்.

"சாருக்கு என்ன வேலைங்க?"

சொன்னேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

"அதுல நான் கேபின்ல ஒக்காந்துகினு இருப்பேங்க. இது கையிலயே துள்ளுது" என்ற இவர், அந்த ரோஷத்திலேயே வாங்கியும் விட்டார்.

வீட்டில் ஒயர் ஜன்னல் வரை எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்க, டிரில்லும் கையுமாக எதிர்வீட்டு அக்காவிடம் போனார்.

"டிரில்லா தம்பி? அப்படியே எங்க வூட்லயும் சாமி படத்துக்கு ஒரு ஓட்டை போட்டுடேன்."

போனவர் போனவர்தான். இப்போது மாடி வீட்டில் 'டர்ர்' கேட்கிறது. பயம் தெளிந்துவிட்டது போல.

எங்கள் பிளாக்கில் இருப்பவர்கள் யாராவது அவரைப் பார்த்தால், அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.