உரிமை கொண்டாட யாருமில்லாத கற்கள்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் முதல் நாள். காலை ஏழு மணிக்குள் மூங்கில்துறைப்பட்டு சாலையில் இரண்டு புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மூன்றாவது மரத்தில் கோடாரிக் காம்பு முறிந்தது. சாலையை மறிக்கக் கூட்டம் கல் தேடிப் பக்கத்துப் புன்செய்க் கொல்லைக்குள் இறங்கியது.

செய்தியாளனாகப் போயிருந்த எனக்கு அந்தக் கொல்லை பழக்கம். முழங்கால் உயரத்தில் பதினான்கு கற்கள் வட்டமாகக் கிடக்கும், பெருங்கற்காலப் புதைகுழி. கொல்லைக்காரரும் ஊர்க்காரர் சிலரும் நானும் கயிறு பிடித்து அளந்து, எண் போட்டு, படம் வரைந்திருந்தோம். அதை நாளிதழிலும் எழுதினேன்.

கொல்லைக்காரர் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டார். கடப்பாறையுடன் எதிரில் நின்றவர் அவருடைய மைத்துனர்.

“எயுந்திரு மாமா. ஊரே ரோட்டுல நிக்குது, நீ கல்லுக்குக் காவலா?”

“மரம் வெட்ட நானுந்தான்டா வந்தேன். இது பொணத்துக்கு வச்ச கல்லு. வுட்ருடா.”

“யாரு பொணம், உங்க அப்பனா?” கூட்டம் சிரித்தது. “உரிமை கொண்டாட யாருமில்லாத கல்லுன்னு பேப்பர்லயே வந்துச்சே. சார்தான் எயுதனாரு, கேளு.”

அந்த வரி என்னுடையதுதான். அரசு கவனிக்கட்டும் என்று எழுதியது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கடப்பாறை கல்லுக்கடியில் போய்விட்டது. கொல்லைக்காரர் கையை எடுக்கவில்லை. கல் புரண்டது. கரும்பு முறிவதுபோல் சத்தம் கேட்டது.

மைத்துனர் கடப்பாறையைப் போட்டுவிட்டுத் தன் துண்டால் அந்தக் கையைக் கட்டினார். மற்றவர்கள் கற்களைச் சாலைக்கு உருட்டிக்கொண்டே இருந்தார்கள். சில கற்களை எறிவதற்காக உடைத்தார்கள். ஒன்பது மணிக்குப் போலீஸ் வந்தது. ஒரு காவலரின் நெற்றி பிளந்தது. தடியடியில் மைத்துனரின் முழங்கால் உடைந்தது. மரம், காயம், கைது எல்லாம் என் செய்தியில் வந்தன. கல்வட்டம் வரவில்லை.

சில மாதம் கழித்துக் கொல்லைக்காரர் வந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

“படத்த எடுத்துக்கினு வாங்க சார்.”

சாலையோரம் கிடந்த கற்களை டிராக்டரில் கட்டி இழுத்தோம். மைத்துனர் கோலூன்றி நின்று படத்தைப் பார்த்து எண் சொன்னார். ஒன்பது கற்கள் இடம் சேர்ந்தன. ஐந்து இல்லை.

“இந்தவாட்டி யாரு கொல்லைன்னு எயுதுங்க,” என்றார் கொல்லைக்காரர்.

“ஒடச்சவன்னு எம்பேரையும் போடுங்க சார்,” என்றார் மைத்துனர். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு பெயரையும் படத்தின் ஓரத்தில் எழுதினேன்.