பூசணம் பூத்த திராட்சை

குவைத்தில், அப்பாசியாவில் ஒரு வீட்டு ஹாலில் கூடுகிற சின்னத் தமிழ்க் கிறிஸ்தவச் சபை எங்களுடையது. பெரிய வியாழன் திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தை வருஷா வருஷம் என் கணவர்தான் செய்து கொடுப்பார். திராட்சையை வெயிலில் காயவைத்து, ஊறப்போட்டு, புளிக்க விடாமல் காய்ச்சி வடித்தெடுக்கிற ரசம். கடையில் விற்கும் உலர்திராட்சை அவருக்குப் பிடிக்காது. "எண்ணெய் தடவிருக்கான், மேல மிதக்கும்" என்பார்.

அந்த வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். இவருக்கும் வேலை போயிற்று. இங்கே தங்குவதற்கான அகாமா முடிவதற்குள் தூத்துக்குடிக்குத் திரும்ப வேண்டும். எனக்கு நர்ஸ் வேலை இருந்ததால் நான் இங்கேயே இருப்பதென்று பேசி முடித்தோம். சபைக்கு அவர் காய்ச்சப்போகும் கடைசி ரசம் அது.

மார்க்கெட்டில் நல்ல கறுப்புத் திராட்சையாகத் தேடி வாங்கி, மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்துக் குலை குலையாகப் பரப்பினார். பழம் சுருங்கத் தொடங்கியபோது புழுதிக்காற்று கிளம்பியது. மண் விழாமலிருக்க பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, ஓரமெல்லாம் கல் வைத்தார். அதற்குள் சைட்டிலிருந்து போன். பாக்கி வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கேம்ப்பிலேயே தங்க வேண்டியதாயிற்று. எனக்கும் ஆஸ்பத்திரியில் டபுள் டூட்டி. புழுதி அடங்கிய பிறகு ஈரக்காற்று அடித்தது. கொடியில் போட்ட துணிகூடக் காயவில்லை. மாடிக்குப் போய்ப் பார்க்க இரண்டு பேருக்குமே வாய்க்கவில்லை.

அவர் வந்ததும் சேர்ந்து மேலே போனோம். ஷீட்டின் உள்பக்கம் வேர்த்து நீர் கோத்திருந்தது. எடுத்தால், திராட்சை மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூசணம். சில குலைகளில் பச்சை, சிலதில் கறுப்பு. அவர் விரல் பட்டதும் பொடி பறந்தது.

"நல்லதாப் பாத்துப் பொறுக்கிக் கழுவிருவோமாங்க? கொதிக்க வச்சா பூசணம் செத்துரும்லா" என்றேன்.

அவர் வெளியே சுத்தமாகத் தெரிந்த ஒரு பழத்தைப் பிட்டு முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். பூட்டிக் கிடந்த அறையின் வாடை.

"பூசணம் செத்தாலும் இந்த வாடை போவாது. பிள்ளையளும் வயசானவங்களும் குடிக்கது. வேண்டாம்."

வேட்டியோடு சுருட்டிக் கட்டிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். புதிதாக வாங்கிக் காயவைக்க நாளில்லை.

வியாழக்கிழமை கடையில் வாங்கிய பாட்டில் ஜூஸைத்தான் கிண்ணங்களில் ஊற்றினார்கள். விஷயம் தெரியாத ஒரு அம்மா ஜெபம் முடிந்ததும் இவரிடம் வந்து, "இந்தத் தடவை ரசம் ரொம்ப நல்லாருந்துச்சு தம்பி. நீங்க போயிட்டா யாரு செய்வா?" என்றார்கள். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அடுத்த வாரம் அவரை ஏர்போர்ட்டில் விட்டேன். பெட்டி எடை, மாத்திரை, ஊரில் மோட்டார் ரிப்பேர் என்று எல்லாம் பேசினோம். அந்த வியாழக்கிழமை அவர் மனசு எவ்வளவு வலித்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.