பேய் வீட்டுப் படிக்கட்டும் பெஞ்சு டிக்கெட்டும்

படம் ஓடும்வரை ஆப்பரேட்டரை யாரும் நினைப்பதில்லை; ஒரு நொடி நின்றுவிட்டால் போதும், அவனோடு அவனைப் பெற்றவர்களையும் சேர்த்துக் கொட்டகையே கூப்பிடும். ஊர் தூங்கும்போது விழித்துப் பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தூத்துக்குடிக் கொட்டகைக்கு ஆங்கிலப் பேய் வீட்டுப் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தை மூன்று வாரம் ஓட்டியவன் நான். அந்த வீட்டில் எந்தக் கதவு எப்போது முனகும் என்பது எனக்கு மனப்பாடம். படப்பெட்டி வந்திறங்கிய அன்று, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறவன்போல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பேய்க்குப் பசி

குறை இருந்தது, மறைப்பானேன். முதல் பாகத்தில் பேயைக் காட்டவே மாட்டார்கள். ஒரு நாற்காலி லேசாக அசையும், நமக்கு முதுகு சில்லிடும். இதில் இடைவேளைக்கு முன்பே பேயைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஒட்டிய கன்னம், மாவு பூசிய முகம். ஆனால் வீடு முன்னைவிட அழகாகியிருந்தது. மழை வழியும் அந்தச் சுவர்களை மட்டுமே ஒரு காட்சி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்திருந்த உப்பளத்துப் பெண்களில் ஒருத்தி வெளியே போகும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ஏளா, அதப் பாத்தா பயமாவா இருக்கு? ஒரு வாய் சோறு போடணும்னுல்லா இருக்கு."

சத்தமில்லாத படிக்கட்டு

படத்தின் உயிர் ஒரு படிக்கட்டில் இருந்தது. கதாநாயகி மெழுகுவர்த்தியோடு நிலவறைக்கு இறங்குவாள். பேச்சில்லை, இசையில்லை. கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போன பத்திரிகைகளை வைத்து நானாக ஆங்கிலம் கற்றவன். மற்ற காட்சிகளில் பாதிதான் எனக்குப் புரிந்தது. இந்தக் காட்சிக்கு ஆங்கிலமே வேண்டாம்.

ஜனங்கள் சத்தம் போய்விட்டது என்று நினைத்து விசிலடித்தார்கள். மேனேஜர் மூச்சிரைக்க மேலே ஓடிவந்தார். படமே அப்படித்தான் என்றேன். "அப்படின்னா அந்தப் படிக்கட்டையே வெட்டி எடும்வே. நாளைக்குச் சாயங்காலம் அது இருந்துச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

கத்தரிக்கோல்

வெட்டுவது சுலபம். திருப்பி அனுப்பும்போது ஒட்டியும் விடலாம். ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தில் படம் துள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஊர் ஊராக நொண்டிக்கொண்டே இறங்க வேண்டியதுதான். மறுநாள் பகலெல்லாம் தூக்கம் வரவில்லை. மாலைக் காட்சிக்கு முன் ரீலைக் கையில் எடுத்தேன், அப்படியே மாட்டினேன்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் அந்தோணியிடம் மட்டும் சொன்னேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "நல்லது அண்ணாச்சி. நாளையிலேருந்து நீரும் வரிசையில நின்னு டிக்கெட் எடுத்துப் பாக்கலாம்."

பெஞ்சு டிக்கெட்

அன்று கடல் சரியில்லை. கடலடியில் மூச்சடக்கிச் சங்கு குளிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் தொழிலுக்குப் போகாமல் பெஞ்சை நிறைத்திருந்தார்கள். மேனேஜர் பின்வரிசையில். படிக்கட்டு வந்தது. விசில் ஒன்று கிளம்பி, பாதியில் நின்றது. சுவர் ஓட்டை வழியே பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் நெஞ்சில் மூச்சை நிறைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். அதைப் பார்த்து முன்வரிசையும் அடங்கியது. அவள் கடைசிப் படியிலிருந்து நகர்ந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சுவிட்ட சத்தம் மேலே எனக்குக் கேட்டது.

படம் விட்டதும் வாசலில் மேனேஜர் என்னைப் பார்த்தார். சங்கு குளிக்கிறவர்களில் மூத்தவரான சூசையை நிறுத்தி, படிக்கட்டு எப்படி என்று கேட்டார். சூசை யோசித்தார். "கீழ போற வரைக்கும் சரியான அளவு ஐயா. போய்ச் சேந்த பெறவும் அந்தப் பிள்ள அங்கனயே நிக்கா பாத்தீங்களா, அது கொஞ்சம் கூடுதல். எங்கள்ல ஒருத்தன் அம்புட்டு நேரம் அடியில நின்னா, மேல கயிறு பிடிக்கிறவன் இழுத்துருவான். ஆனா நீங்க கைய வச்சிராதீங்க, நாளைக்கும் வாரோம்."

பேய்ப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் அந்தப் படம் வந்த நாட்டில் எத்தனை பேரோ, அதை எத்தனை மூச்சில் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எங்கள் பெஞ்சில் இருந்தார்கள், படிக்கட்டும் என் வேலையும் அவர்கள் புண்ணியத்தில் தப்பின.