கண்டக்டர் அண்ணாச்சி காத்த பார்சல்கள்

முதலில் காணாமல் போனது ஒரு போட்டோ ஆல்பம். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் இருக்கும் அக்கா, சொந்தக்காரர்கள் வீடுகளில் எல்லாம் கேட்டு வாங்கி, அப்பாவின் பழைய படங்களைக் கெட்டித் தாளில் அச்சடித்து ஆல்பமாக்கி, கூரியரில் எனக்கு ஒன்று அனுப்பியிருந்தாள். புளியங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். மத்தியானம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது போனுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே, செம்பருத்தித் தொட்டியை ஒட்டி, பழுப்பு நிற அட்டைப்பெட்டி. கூடவே, டெலிவரி ஆகிவிட்டது என்று ஒரு வரி. சாயங்காலம் நான் வந்து கேட்டைத் திறந்தபோது தொட்டி மட்டும்தான் இருந்தது.

கூரியர்க்காரருக்குப் போன் போட்டேன். "போட்டோ எடுத்து அனுப்பிட்டேம்லா டீச்சர். பூட்டிக் கெடக்க வீட்டுல நான் வேற என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் கணவருக்குத் தென்காசியில் ஆபீஸ். காலை ஏழரைக்கு இருவரும் பூட்டிக்கொண்டு கிளம்பினால், வீடு சாயங்காலம் வரை பூட்டித்தான் கிடக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். தெருக்கோடியில் விசைத்தறிகள் ஓடும். அந்தச் சத்தத்தில் யார் கேட்டைத் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள் என்று ஒன்றும் கேட்காது.

அடுத்த இரண்டு மாதத்தில் வரிசையாகப் போயிற்று. மூன்றாவது வீட்டில் ஒரு ஜோடி ஷூ. மாடி வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப். எனக்குப் பேங்கிலிருந்து வந்த ஒரு கவர். தபால்காரர் அதைக் கதவடியில் செருகியதாகச் சத்தியம் செய்தார். என் கணவர் கேமரா மாட்டுவதைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார். எடுத்தவன் முகம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, போன பொருள் வந்துவிடுமா என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

ஒரு நாள் சாயங்காலம் கேட்டில் நின்று கூரியர் ஆபீசோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், அந்த ஆல்பத்த எடுத்தவன நான் பாக்கல. அப்பம் நான் உள்ள படுத்திருந்தேன். பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

அவர் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராக இருந்தவர். பூக்கூடைகளை பஸ் கூரையில் ஏற்றிவிட்டுப் பின்பக்க ஏணி வழியாக இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஊன்றுகோல் வைத்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் வாசலைத் தாண்டவில்லை. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். கோயில் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. மதினி கிளம்பிப் போனதும் ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவார், அல்லது படுத்திருப்பார். நாங்கள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"நான் இங்கன சும்மாதான இருக்கேன்," என்றார் அன்று. "எங்க வீட்டுல கொடுக்கச் சொல்லுங்க. எல்லாரு வீட்டதையும் நான் வாங்கி வைக்கேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் கூரியர்க்காரர்கள், தபால்காரர், அமாவாசைக்கு அமாவாசை ஜோசியப் பத்திரிகை கொண்டுவருகிறவர் எல்லோரும் அவர் ஜன்னலுக்கு வரத் தொடங்கினார்கள். பஸ்ஸில் டிக்கெட் மெஷின் வந்தபோது மிஞ்சிப்போன பழைய டிக்கெட் கட்டுகள் அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு டிக்கெட் கிழித்துப் பசை போட்டு ஒட்டுவார். பிறகு அந்த வீட்டாருக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புவார். "டீச்சர், உங்களுக்கு ஒண்ணு வந்திருக்கு. நம்பர் நானூத்திப் பன்னெண்டு." வாங்க வருகிறவர் அந்த நம்பரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பார்சல் கிடையாது.

ஒரு நாள் என் கணவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். நம்பரை மறந்துவிட்டாராம்.

"அண்ணாச்சி, நான்தானன்னு சொன்னேன். 'நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார். நம்பரு?' அப்படிங்கார்," என்று சிரித்தார். போனைத் தேடி எடுத்து, அந்தக் குரல் செய்தியை இன்னொரு தடவை கேட்டு, மறுபடி போய் வாங்கி வந்தார்.

அந்த ஒன்றரை வருஷத்தை இப்போது நினைத்தால், பார்சல்களை விட அந்தச் சாயங்காலங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவர் வீட்டுக்குப் போவேன். மாடி வீட்டு அம்மா அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். மதினி கடையிலிருந்து வந்து காபி போடுவாள். முகூர்த்த நாட்களில் மல்லிகை விலை கேட்டு பஸ்ஸுக்குள்ளேயே நடந்த சண்டைகளை அண்ணாச்சி சொல்லுவார். எந்த ஊர்க்காரர்கள் சீட் பிடிக்கத் துண்டு போடுவார்கள், எந்த ஊர்க்காரர்கள் குடை போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரே தெருவில் எட்டு வருஷம் இருந்தும், மாடி வீட்டு அம்மாவுக்கு என் அம்மா ஊர்தான் பிறந்த ஊர் என்று எனக்கு அங்கே வைத்துத்தான் தெரிந்தது.

"இவிய இப்பம் காலையிலேயே குளிச்சு, சவரம் பண்ணி உக்காந்திருதாவ டீச்சர்," என்று மதினி என்னிடம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். "முன்ன எல்லாம் நான் கெஞ்சணும்."

அம்மாவுக்கு ஒரு நல்ல செல்போன் வாங்கித் தரலாம் என்று ஆர்டர் போட்டிருந்தேன். அது வந்த அன்று வழக்கம்போலக் குரல் செய்தியும் வந்தது. சாயங்காலம் போய் நம்பரைச் சொன்னேன். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை.

"அத எடுத்துட்டுப் போயிட்டாரே டீச்சர். மாறி வந்துட்டுன்னு. உங்ககிட்ட பேசிட்டேன்னாரே..."

"யாரு அண்ணாச்சி? என்கிட்ட யாரும் பேசலையே."

மத்தியானம் ஒருவன் வந்திருக்கிறான். தோளில் டெலிவரிப் பை, முகத்தில் மாஸ்க். என் பெயரையும் போன் நம்பரையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். வேறு மாடல் மாறி வந்துவிட்டது, திருப்பி எடுக்க வந்திருக்கிறேன் என்றிருக்கிறான். அண்ணாச்சி டிக்கெட் நம்பர் கேட்டிருக்கிறார். "அது வாங்க வாரவங்களுக்குத்தான அண்ணாச்சி? திருப்பி எடுக்கவனுக்கு என்ன நம்பரு?" என்றிருக்கிறான். அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

போனால் போகட்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. மறுநாள் ஜன்னல் சாத்தியிருந்தது. வந்த இரண்டு பார்சல்களை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். "சாப்பிடவே மாட்டேங்காவ டீச்சர். நம்பி கொடுத்ததத் தொலைச்சிட்டேனேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்காவ," என்று மதினி வந்து அழுதாள்.

மூன்றாம் நாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஜன்னல் படாரென்று திறந்தது.

"டீச்சர்! அவன் கரிவலத்துல ஏறுதவன்!"

கரிவலம் அவர் ஓடிய பஸ் வழியில் ஒரு ஊர். நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னார். "மாஸ்க்ல மொகம் தெரியல. ஆனா பேச்ச எங்கயோ கேட்டமேன்னு மூணு நாளா மண்டைய ஒடச்சேன். சங்கரன்கோவில்னு முழுசா சொல்ல மாட்டான். 'கோயிலு ஒண்ணு'ம்பான். அன்னைக்கு என்கிட்டயும் 'கோயிலுக்குள்ள டெலிவரி எல்லாம் நான்தான் பாக்கேன்'ன்னான். பின்வாசல்ல ஏறுவான். பைய இடது தோள்ல போட்டுக்கிட்டு வலது கையால சில்லறைய நீட்டுவான். அவனேதான்."

போலீசில் சொல்லிவிடலாம் என்றார் என் கணவர். அதற்கு முன்னால் ஒரு தடவை தானே போய்ப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாக நின்றார். ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு ஒரு கல்யாணம், மதினிக்குக் கடை. நான்தான் கூடப் போனேன். ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். "வேண்டாம் டீச்சர், பஸ்ல போவோம்," என்றார்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஊன்றுகோலோடு நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் ஓடிய அதே பஸ் நின்றிருந்தது. டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுக் குதித்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன வே, உயிரோட இருக்கீரா?" என்றார். முதல் படியில் கால் வைக்க அண்ணாச்சியால் முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். உள்ளே இருந்தவர்கள் கை நீட்டினார்கள். யார் கையையும் பிடிக்காமல் நான்காவது தடவை கம்பியைப் பற்றி ஏறினார். புதுக் கண்டக்டர் அவருக்கு டிக்கெட் போட மறுத்தார். "கிழிங்க தம்பி. செக்கிங் வந்தா உமக்குத்தான் கஷ்டம்," என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கரிவலத்தில் இறங்கி, ஸ்டாப்பில் இருந்த டீக்கடையில் அண்ணாச்சி அடையாளம் சொன்னார். பை, இடது தோள், கூரியர் வேலை. "அவனா? வேலையில இருந்து நிறுத்தி நாலு மாசமாச்சே," என்று டீக்கடைக்காரர் வீட்டைக் காட்டினார். இரண்டாவது சந்தில் ஓட்டு வீடு. அவன்தான் கதவைத் திறந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே ஒரு பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பெயரைச் சொன்னதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவன் கண் என்னை விட்டு அண்ணாச்சியிடம் போய் அங்கேயே நின்றது.

"அண்ணாச்சி... நீங்களா? நம்ம பஸ்ஸு அண்ணாச்சியா?"

"ஏலே, உனக்கு எத்தன தடவை டிக்கெட் கிழிச்சிருப்பேன்? என்கிட்டயே வந்து ஏமாத்துதியே."

"சத்தியமா நீங்கன்னு தெரியாது அண்ணாச்சி. அங்கன ஜன்னல்ல யாரோ உக்காந்திருக்காகன்னுதான் நெனச்சேன். உங்கள நான் நின்னுதான பாத்திருக்கேன்."

அண்ணாச்சி ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டு, சந்தின் கோடியைப் பார்த்தபடி நின்றார். அவன் உள்ளே போய் செல்போன் பெட்டியைக் கொண்டுவந்தான். ஒட்டியிருந்த டேப் கூடப் பிரியவில்லை. பயத்தில் விற்கவில்லை என்றான். ஷூவும் ஸ்ட்ரிப்பும் அவன் வேலையில் இருந்தபோதே எடுத்ததுதான்; அப்போது அவன் டெலிவரி பார்த்தது வேறு தெருக்களில். வேலை போனபிறகும் கூரியர் ஆபீசில் போய் நின்று, எந்த வீட்டுக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வானாம். நான் ஆல்பத்தைக் கேட்டேன்.

"ஆல்பம் நான் எடுக்கலக்கா. பிள்ள மேல சத்தியமா எடுக்கல."

நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் சோற்றுக் கையோடு வாசலில் வந்து நின்றாள். நான் செல்போன் பெட்டியை என் பைக்குள் வைத்தேன்.

"இனிமே எங்க தெருப் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது," என்றார் அண்ணாச்சி. "வேலை கேட்டு வா, வராதன்னு சொல்லல. பஸ் ஸ்டாண்டுக்கு வா, அங்கன யார்கிட்டயாவது சொல்லி விடுதேன். வேற எதுக்கும் வராத."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. உட்காருங்கள் என்றேன். அவர் பின்வாசல் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சங்கரன்கோவில் வரும்வரை நின்றே வந்தார். கால் நடுங்கியது. நான் பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அவனைப் போலீசில் கொடுக்காததற்குத் தெருவில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. ஷூ போன வீட்டுக்காரர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் கோபம் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி அடுத்த வாரமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அதற்கடுத்த வாரம் தினமும் போனார். சும்மா பேசிவிட்டு வருகிறேன் என்று போனவரை, பஸ் முதலாளிகள் சேர்ந்து, பஸ்கள் கிளம்பும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பராக வைத்துக்கொண்டார்கள். ஒரு நோட்டும் விசிலும் கொடுத்தார்கள். மதினி எங்கள் எல்லோர் வீட்டுக்கும் கேசரி கொண்டுவந்தாள். எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். மறுநாள் ஒரு கூரியர்க்காரர் சாத்தியிருந்த ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று தெரிந்தபோதுதான், இனி பார்சல் வாங்க ஆளில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

இப்போது எல்லா வீட்டு கேட்டிலும் இரும்புப் பெட்டி மாட்டியிருக்கிறோம். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. மேலே தபால் போட ஒரு வாய், கீழே பூட்டு. பெரிய பார்சல் என்றால் பள்ளிக்கூட முகவரிக்கு வரவழைத்துக்கொள்கிறேன். பிறகு ஒன்றும் காணாமல் போகவில்லை. மாடி வீட்டு அம்மாவைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறது. அவர் பால் எடுக்க இறங்கும் நேரத்தில் நான் பஸ்ஸில் இருப்பேன்.

எதிர் வீட்டு ஜன்னலுக்கு மதினி புதிதாக ஒரு திரை தைத்துப் போட்டிருக்கிறாள். நீலத்தில் வெள்ளைப் பூ. நன்றாக இருக்கிறது என்று போன வாரம் சொன்னேன். கடையில் மிஞ்சின துணி, உங்களுக்கும் ஒரு துண்டு இருக்கு, தரட்டுமா என்று கேட்டாள்.