பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம்

எந்த வேலையை வேண்டுமானாலும் ராஜினாமா செய்யலாம். அக்கா வீட்டை எப்படி ராஜினாமா செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சித்தூரில் கேபிள் டிவியில் ஆரம்பித்து, பிறகு வீடு வீடாக இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியவர். கீழே ஆபீஸ், மேலே வீடு. நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமா படிக்க வந்து அந்த மாடியில் தங்கினேன். ஒருநாள் மாமா, "சும்மாதான குந்திக்கினு இருக்கிற, இந்த ஏணியக் கொஞ்சம் புடிடா" என்றார். பிடித்தேன். எட்டு வருஷம் கழித்தும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் ஏணியைப் பிடித்தவன், பிறகு அதன்மேல் ஏறினேன், அவ்வளவுதான் என் பதவி உயர்வு.

மாமா கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். திட்டுகிறவராக இருந்தால் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிவிடலாம். இவர் எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார். வெளியே யாரிடமும் "என் மச்சான்" என்று சொல்லமாட்டார், "என் பெரிய புள்ள" என்பார். சோறு போட்டுத் தலையைத் தடவுகிற கையிலிருந்து எப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடுவது?

ஆபீஸ் போன் என் சட்டைப் பையில் இருந்தது. காலையில் பல் விளக்கும்போதே அடிக்கும். "அண்ணா, நெட் ராலேது." நெட் வரவில்லையாம். தெலுங்கில் சொல்வார்கள், தமிழில் சொல்வார்கள், பாதி இதில் பாதி அதில் சொல்வார்கள், சொல்வது ஒன்றேதான். மாங்காய் சீசனில் கேட்கவே வேண்டாம். பங்காருபாளையம் மண்டிக்குப் போகிற லாரிகள் கூடைமேல் கூடை அடுக்கிக்கொண்டு வந்து, சாலைக்குக் குறுக்கே நாங்கள் கட்டியிருக்கும் ஃபைபர் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விடும். ஊரெல்லாம் மாம்பழம் தின்னும் மாதத்தில் நான் கம்பத்தின்மேல் இருப்பேன். எனக்கு இன்றைக்கும் மாம்பழம் பிடிக்காது.

அப்படி ஒரு கம்பத்தின்மேல் இருந்தபோதுதான் திருப்பதியிலிருந்து போன் வந்தது. டிப்ளமாவில் எனக்கு சீனியராக இருந்தவர், அங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க் ரூமில் வேலை பார்க்கிறார். ஓர் இடம் காலியாக இருக்கிறது, நெட்வொர்க்கிங்கின் முதல் சர்டிபிகேட் பரீட்சை பாஸ் செய்திருக்க வேண்டும், ஒரு மாதம்வரை பிடித்துவைக்கிறேன் என்றார். கீழே பார்த்தேன். ஏணி, அதைப் பிடிக்க யாரும் இல்லை. பாஸ் செய்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் இங்கேயேதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஏற்கெனவே அரைகுறையாகப் படித்து வைத்திருந்ததை முழுசாகப் படித்தேன். சப்நெட் என்று ஒன்று வரும், ஒரு பெரிய முகவரித் தொகுதியைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். எனக்கு அது எங்கள் நைனாவும் சித்தப்பாக்களும் நிலத்தைப் பாகம் பிரித்த மாதிரியே இருந்தது. எத்தனை துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் முதலும் கடைசியும் உபயோகத்துக்கு ஆகாது, இரண்டு பக்கமும் வரப்புக்குப் போனமாதிரி. பாகப்பிரிவினையில் வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்.

மாமாவிடம் சொன்னேன். வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை, பரீட்சை என்று மட்டும். "இன்னாத்துக்குடா நமக்குப் பரீட்சை? ஏணி கீது, கையி கீது" என்று சிரித்தார். "சரி, ஆச தீர எழுதிட்டு வா."

அக்காவிடம் மட்டும் முழுசாகச் சொன்னேன். அவள் என்னைவிட ஒன்பது வயது பெரியவள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் ராகுகாலம் பார்க்காமல் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்கமாட்டாள். பரீட்சை வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு என்றதும் முகம் மலர்ந்தது. "வெள்ளிக்கெழம பத்தரைலருந்து பன்னெண்டு. அது முடிஞ்சப்புறம்தான, நல்லதாப் போச்சு." உடனே ஒரு சந்தேகமும் வந்துவிட்டது. "முன்னாலயே போய் குந்தினாலும், பன்னெண்டு அடிக்காம எதையும் தொடாத. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. அக்காமேல் நம்பிக்கை உண்டு. இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

திருப்பதியில் பரீட்சை மையம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. பஸ் புத்தலப்பட்டு தாண்டி நல்ல வேகம் பிடித்ததில் பதினொன்றரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஆதாரைப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள், பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். என் போன், கைக்கடிகாரம், பர்ஸ், அக்கா மடித்துக் கொடுத்த குங்குமப் பொட்டலம் எல்லாம் லாக்கருக்குள் போயின. பிறகு, "சீட்டு காளிகா உந்தி, கூர்ச்சோண்டி" என்றாள். இடம் காலியாகத்தான் இருக்கிறது, இப்போதே உட்காருங்கள் என்கிறாள்.

இன்னும் பன்னிரண்டு அடிக்கவில்லை. "இல்லம்மா, ராகுகாலம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திருப்பதிக்காரி, புரிந்துகொண்டிருப்பாள், "அவுனா, அப்படியானால் பன்னிரண்டுக்கு வாருங்கள்" என்றுகூடச் சொல்லியிருப்பாள். ஆனால் கம்ப்யூட்டர் பரீட்சை எழுத வந்தவன் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. பாத்ரூம் போனேன். முகம் கழுவினேன். திரும்ப ஒருமுறை கழுவினேன். பதினொன்று ஐம்பதுக்குமேல் ஓட்ட முடியவில்லை.

சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தேன். வரவேற்புத் திரை, விளக்கத் திரை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு ஒப்பந்தத் திரை வந்தது. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று சம்மதிக்கிற பக்கம். மூலையில் ஐந்து நிமிடக் கணக்கு ஓடியது. சம்மதம் என்பதை அழுத்தினால் பரீட்சை ஆரம்பம். நான் அழுத்தவில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் அதுவாகவே அடுத்த பக்கம் திறக்கும், அங்கே ஓர் இரண்டு நிமிடத்தை ஓட்டிவிட்டால் பன்னிரண்டு, அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் நின்றது, பரீட்சையும் கெடவில்லை என்று கணக்குப் போட்டேன். உலகத்தில் அந்த ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரத்துக்குள் சம்மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது முந்தைய திரையில் இருந்ததாம். அதை எழுத்துக்கூட்டினேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் திரை வெளுத்தது. உங்கள் பரீட்சை முடிவுற்றது, நன்றி.

கையைத் தூக்கினேன். அந்தப் பெண் வந்து பார்த்தாள், எங்கோ போன் செய்தாள், உதட்டைப் பிதுக்கினாள். சம்மதிக்கவில்லை என்றால் எழுத வரவில்லை என்று கணக்காம், புதிதாகத்தான் பதிவு செய்யவேண்டுமாம். "ஏன் அழுத்தவில்லை?" என்று தெலுங்கில் கேட்டாள். படித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

வெளியே வந்தபோது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பரீட்சை இரண்டு மணி நேரம் என்று வீட்டுக்குத் தெரியும். சீக்கிரம் போன் செய்தால் ஏன் என்று கேட்பார்கள். அலிபிரிக்கு பஸ் ஏறினேன். மலைக்குப் படியேறும் கூட்டம் கோவிந்தா கோவிந்தா என்று உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் படிக்குப் பக்கத்தில், எழுதாத பரீட்சையை மூன்று மணிவரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் மேலே போகிறார்கள், நான் மட்டும் திரும்பப் போகவேண்டும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அழுதேன். அங்கே அழுகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

வீட்டில் ஃபெயில் என்றேன். உள்ளதைச் சொன்னால் அக்கா உடைந்துபோவாள் என்று ஒரு பொய். "கொஞ்சத்துல போச்சுக்கா." மாமா தோளைத் தட்டி, "வுடுடா, துன்னுட்டு வா, காணிப்பாக்கம் லைன் கட்டாயிக்கீது" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியை அவரே கவனித்திருக்கமாட்டார்.

அக்கா வேறு ஒன்று செய்தாள். அடுத்த செவ்வாயிலிருந்து துர்க்கை சன்னதியில் ராகுகால விளக்கு போட ஆரம்பித்தாள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துப் பிழிந்து, மூடியை வெளிப்புறமாகத் திருப்பி, நெய்யூற்றித் திரி போடுவது. எந்த ராகுகாலத்துக்குப் பயந்து நான் தோற்றேனோ, அதே ராகுகாலத்தில், செவ்வாயும் வெள்ளியும், எனக்காக. வீட்டுக்குள் பிழிந்த எலுமிச்சை வாசனை நின்றுகொண்டே இருந்தது. நான் சொன்ன பொய்க்கு அவள் விளக்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

கையில் இருந்த காசைத் துடைத்து மறுபடி பதிவு செய்தேன். இரண்டாவது முறை புதன்கிழமை காலை. காலண்டரை அக்காதான் பார்த்தாள். ஒப்பந்தத் திரை வந்ததும் அடித்த அடியில் மௌஸ் உடையாதது ஆச்சரியம். அந்தப் பரீட்சையில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. பலருக்கு அது பயம். எனக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். போனது போனதுதான், கதவு அடுத்த பக்கம் மட்டும்தான் திறக்கும். இரண்டு மணி நேரமும் என்னை யாரும் கூப்பிடவில்லை, எந்த போனும் அடிக்கவில்லை. வெளியே வந்தபோது அந்தப் பெண் ஒரு தாளை நீட்டி, "பாஸ்" என்றாள். அவளைக் கும்பிட்டுவிட்டேன்.

சனியன் அதோடு விட்டதா? அன்று சாயங்காலம் மாமா அந்தத் தாளை வாங்கி லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார். ஆபீசில் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். "நம்ம ஆபீஸ்ல சர்டிபிகேட் இஞ்சினீரு கீறாரு." புது போர்டு எழுதச் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறப்பு, நான்தான் ரிப்பன் வெட்டவேண்டும். திருப்பதியில் எனக்குக் கொடுத்த கெடுவும் அதே வெள்ளிக்கிழமைதான், மூன்று மணிக்குள் நேரில் வரவேண்டும். வெளியே போக வாங்கிய தாள் ஆணியில் தொங்கியது. சொல்ல வாயெடுத்தேன். மாமாவின் கண் கலங்கியிருந்தது, பெருமையில். வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மாமா பங்காருபாளையம் போயிருந்தார், பன்னிரண்டுக்குத் திரும்புவார். பத்தேமுக்கால் இருக்கும். போன் அடித்தபடி இருந்தது. நான் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் கீழே நின்றேன். அக்கா எலுமிச்சை மூடிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி இறங்கி வந்தாள். நேர்ந்துகொண்டது இன்னும் இரண்டு வாரம் பாக்கியாம்.

எனக்கு எங்கிருந்தோ வந்தது கோபம்.

"அத ஏத்தாதக்கா. நான் ஃபெயிலே ஆவல. அன்னிக்கி பரீட்சையே எழுதல. பன்னெண்டு அடிக்கட்டும்னு நீ சொன்னியேன்னு சும்மா குந்திக்கினு இருந்தேன். பன்னெண்டுக்கு ரெண்டு நிமிசம் இருக்கச்சொல்லவே மூடிட்டான்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். தட்டைப் படியில் வைத்தாள். ஒரு மூடி உருண்டு போயிற்று.

"இன்னிக்கி எத்தினி மணிக்குள்ள போவணும்?"

"மூணு."

நேராக ஆபீசுக்குள் போனாள். நாற்காலிமேல் ஏறி, லேமினேட் செய்த தாளை ஆணியிலிருந்து கழற்றினாள். மேலே போய் என் துணிகளைப் பைக்குள் திணித்து, தாளையும் உள்ளே வைத்துக்கொண்டு வந்தாள். என் தோளிலிருந்த ஏணியை அவளே இறக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"போ. இப்பவே போ. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ராகுகாலம்க்கா."

"தெரியும். பன்னெண்டுக்கு அவரு வந்துட்டா நீ போவமாட்ட. போ."

என் சட்டைப் பையில் கைவிட்டு ஆபீஸ் போனை எடுத்துக்கொண்டாள். நான் தெருவில் இறங்கினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தேன். பத்தடி போவதற்குள் போன் அடித்தது, திரும்பிவிட்டேன். அக்கா சுவரில் சாய்ந்த ஏணிக்குப் பக்கத்தில் நின்று, காதில் வைத்து, நான் எட்டு வருஷமாகச் சொன்ன அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நெட்டு வந்துடும்மா. ஆளு வந்துக்கினே கீறாரு."